ஏசி ஓடினாலும் வேண்டாம், தம்பி

நீங்கள் கேட்டிருந்தது இதுதான்: "அண்ணா, டாலஸ் பக்கம் வந்து மூன்று மாதம் ஆகிறது. பையனுக்குப் பத்து மாதம். கார் சீட்டில் போட்ட உடனே தூங்கிவிடுகிறான், கடை வாசலில் தூக்கினால் எழுந்து அழுகிறான். ஏசியை ஓடவிட்டு, காரைப் பூட்டிவிட்டு, பால் மட்டும் வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிடலாமா? டெக்சஸில் ஐந்து நிமிடம் வரை சட்டப்படி தப்பில்லை என்கிறார் நண்பர். அடுத்த மாதம் மனைவி வேலைக்குச் சேர்கிறாள், பையன் டேகேர் போவான். ஜூனில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள்."

வேண்டாம் தம்பி. பால் பாக்கெட் எடுக்கும் நேரத்துக்குக்கூட வேண்டாம்.

முதலில் அந்த ஐந்து நிமிடக் கதையைப் பார்த்துவிடுவோம். இங்கே பல பேர் அதை அனுமதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டெக்சஸ் தண்டனைச் சட்டம் சொல்வது இது: ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தையை, கூட 14 வயதாவது ஆன ஒருவர் இல்லாமல், தெரிந்தே ஐந்து நிமிடத்துக்கு மேல் வண்டியில் விட்டுப்போனால் குற்றம். அபராதம் 500 டாலர் வரை போகும். அதற்கு மேல், குழந்தையை ஆபத்தில் விட்டதாகத் தனி வழக்குப் போட இன்னொரு பிரிவு இருக்கிறது. அதில் ஐந்து நிமிடக் கணக்கெல்லாம் கிடையாது. விசாவில் இருப்பவர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும்: குழந்தையைப் புறக்கணித்த குற்றத்தில் தண்டனை பெற்றால், நாட்டைவிட்டு அனுப்பவே அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் போலீஸ் பயத்தில் மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவன், போலீஸ் இல்லாத இடத்தில் விட்டுவிட்டுப் போவான். அதனால் காருக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

வெளியே 90 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது நம் கணக்கில் 32 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் சாதாரண நாள். எஞ்சினை அணைத்துவிட்டு வெயிலில் நிறுத்திய கார் பத்தே நிமிடத்தில் 109-ஐத் தொடும், அரை மணியில் 124. செல்சியஸில் 51 டிகிரி. கண்ணாடி வழியாக உள்ளே வரும் வெயில் டேஷ்போர்டையும் சீட்டையும் சூடாக்குகிறது, அந்தச் சூட்டில் உள்ளே அடைபட்ட காற்றும் கொதிக்கிறது. ஏறும் சூட்டில் பெரும்பகுதி முதல் அரை மணிக்குள்ளேயே ஏறிவிடும். வெளியே 70 டிகிரி இருக்கும் இதமான மார்ச் மாதத்து நாளில்கூட அரை மணியில் காருக்குள் 104 ஆகும். ஜூலை மாதம் வரும்போது நீங்களே பாருங்கள்: கார் சீட் பெல்ட்டின் இரும்புக் கொக்கியைத் தொட்டால் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வீர்கள். குழந்தையின் தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவில் கிடப்பது அதே கொக்கிதான்.

பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். உடல் சூடு 104-ஐத் தாண்டினால் ஹீட் ஸ்ட்ரோக். 107-ல் உயிரே போகலாம். பத்து மாதப் பிள்ளைக்குப் பெல்ட்டைக் கழற்றத் தெரியாது.

நம் ஊரில் இதை எப்போதும் மூச்சுத்திணறல் என்றே பேசிப் பழகிவிட்டோம். 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தியிருந்த காருக்குள் ஏறி விளையாடிய மூன்று குழந்தைகள் வெளியே வர முடியாமல் இறந்துபோனார்கள். அதுவும் மூச்சுத்திணறல் என்றுதான் செய்தியானது. காற்றுதான் பிரச்சினை என்று மனதில் பதிந்துவிட்டதால், "கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டால் போதும்" என்று ஒரு வைத்தியம் நம்மவர்களிடம் உண்டு. கார் அப்படிக் காற்றுப் புகாத பெட்டி இல்லை. வெயிலில் கிடக்கும் காரில் கொல்வது சூடு. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் உள்ளே ஏறும் சூட்டில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2005-லேயே அளந்து பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

ஏசி ஓடுகிறதே என்றால், அது ஓடிக்கொண்டே இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் சில மாடல்களில் கொஞ்ச நேரத்தில் எஞ்சின் தானாகவே அணைந்துவிடும். எஞ்சின் ஓடும் கார் என்றால் திருடனுக்கும் கொண்டாட்டம். காஸ் ஸ்டேஷனில் காரைத் திருடிக்கொண்டு போனவன் பின்சீட்டில் குழந்தை இருப்பதைப் பிறகுதான் பார்த்தான் என்ற செய்தி இந்த நாட்டில் திரும்பத் திரும்ப வருகிறது.

பாலுக்கு வழி இருக்கிறது. வால்மார்ட், டார்கெட், குரோகர் எல்லாவற்றிலும் ஆப்பில் ஆர்டர் போட்டால் காரிலேயே கொண்டுவந்து வைப்பார்கள். பெட்ரோலுக்குப் பம்பிலேயே கார்டு போடலாம், மருந்துக்கு டிரைவ் த்ரூ உண்டு. மற்ற இடங்களில் தூக்கிக்கொண்டே போங்கள். அழட்டும். கடைக்குள் குழந்தை அழுதால் இங்கே யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. நீங்கள் அதைக் கேட்கவே இல்லை, போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனீர்கள்: அடுத்த மாதம் பையன் டேகேர் போகிறான்.

1998-லிருந்து அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இப்படிக் காருக்குள் சூட்டில் இறந்திருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரி 37. 2018-லும் 2019-லும் 50-ஐத் தாண்டியது. மாநிலங்களில் முதலிடம் நம் டெக்சஸ். சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் நல் என்ற வானிலை ஆய்வாளர் ஒவ்வொரு மரணத்தையும் கணக்கெடுத்து வருகிறார். அவர் கணக்கில் தெரிந்தே விட்டுப்போன பெற்றோர் ஐந்தில் ஒரு பங்குதான். பாதிக்கும் மேல், குழந்தை பின்னால் இருப்பதையே மறந்துபோனவர்கள். மிச்சம், பூட்டாத காரில் தானாக ஏறி மாட்டிக்கொண்ட பிள்ளைகள்.

"பெற்ற பிள்ளையை எவனாவது மறப்பானா?" என்று கேட்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். மறந்தவர்களில் ஆசிரியர்கள், மருத்துவர்கள், பாதிரியார்கள், பிள்ளைமேல் உயிரை வைத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் டேவிட் டைமண்ட் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். தினமும் போகும் வழியில் கை தானாக ஸ்டியரிங்கைத் திருப்புகிறதே, அந்தப் பழக்க நினைவு, "இன்று வழியில் டேகேரில் நிற்க வேண்டும்" என்ற நினைவை அமுக்கிவிடுகிறது என்கிறார். தூக்கமில்லாத இரவு, வேலை டென்ஷன், வழக்கத்தில் ஒரு சின்ன மாற்றம், இவை சேர்ந்தால் போதும். இறக்கிவிட்டோம் என்றே மூளை நம்பிக்கொண்டிருக்கும். அந்த மனிதர் ஆபீஸில் உட்கார்ந்து சக ஊழியரிடம் மகனைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

அடுத்த மாதம் உங்கள் வீட்டில் இவை அத்தனையும் ஒன்றுசேரப் போகின்றன. புது டேகேர், மனைவிக்குப் புது வேலை, இரவில் எழும் குழந்தை. அவன் சீட் பின்பக்கம் பார்த்து மாட்டியது. முன்னால் இருந்து பார்த்தால் குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சீட்டின் முதுகுதான் தெரியும். தொண்ணூறுகளில் ஏர்பேக் அடியிலிருந்து காப்பாற்றத்தான் குழந்தைகளைப் பின்சீட்டுக்கு மாற்றினார்கள். அது சரியான முடிவு. ஆனால் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டார்கள். காரில் ஏறியதும் தூங்கிவிடுவான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தூங்கும் பிள்ளை ஒரு சத்தமும் போடாது.

ஆகவே முதல் நாளே டேகேரில் சொல்லிவையுங்கள்: ஒன்பது மணிக்குள் பையன் வரவில்லை, நாங்களும் தகவல் சொல்லவில்லை என்றால் இரண்டு பேருக்கும் போன் பண்ணுங்கள், எடுக்கும்வரை பண்ணுங்கள் என்று. எழுதியே கொடுங்கள். இறக்கிவிட்டவர் மற்றவருக்கு ஒரு படம் அனுப்பட்டும். படம் வராவிட்டால் மீட்டிங்கில் இருந்தாலும் எழுந்து போய்க் கூப்பிட வேண்டும். வழக்கமாக மனைவி கொண்டுபோய் விடுபவர், இன்று ஒரு நாள் நீங்கள் என்றால், அந்த நாளில் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். ஆபீஸ் பேட்ஜையும் லேப்டாப் பையையும் பின்சீட்டில், அவன் காலடியில் வையுங்கள். பேட்ஜ் இல்லாமல் ஆபீஸ் கதவு திறக்காது, எடுக்கத் திரும்பித்தான் ஆக வேண்டும். "நான் மறக்க மாட்டேன்" என்று மட்டும் இதை விட்டுவிடாதீர்கள். மறந்த ஒவ்வொருவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

2016-லிருந்து சில புது வண்டிகளில், பின்சீட்டைப் பார் என்று நினைவூட்டும் வசதி வருகிறது. பெரும்பாலும் அது பின்கதவு திறந்ததை வைத்துச் சொல்வது, குழந்தை இருப்பது அதற்குத் தெரியாது. வாங்கும் வண்டியில் இருந்தால் நல்லது. அதை நம்பி மற்றதை விட வேண்டாம்.

அவன் நடக்க ஆரம்பித்ததும் சாவியைக் கைக்கெட்டாமல் வையுங்கள். வீட்டு வாசலில் நிற்கும் காரையும் பூட்டுங்கள். பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் நீச்சல் குளம், அடுத்து கார், அதில் டிக்கியும் சேர்த்து.

வேறு யாருடைய காரிலாவது குழந்தை தனியாக இருப்பதைப் பார்த்தால், நமக்கேன் வம்பு என்று நகராதீர்கள். விசா எதுவானாலும் 911 என்ற அவசர உதவி எண்ணைக் கூப்பிடலாம். கடைப் பெயர், காரின் நிறம், நம்பர் பிளேட், இவை போதும். அவர்கள் என்ன செய்யச் சொல்கிறார்களோ அதைச் செய்யுங்கள். அவர்கள் வரும்வரை அங்கேயே நில்லுங்கள்.

அப்பா அம்மா விஷயம். தாத்தா கூட இருந்தால் சட்டத்துக்குச் சரி, ஆனால் சூட்டுக்கு அது தெரியாது. போன கோடையில் ஒரு இந்திய மளிகைக் கடை வாசலில் ஒரு பெரியவர் பேரனை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடவில்லை, சட்டை உடம்போடு ஒட்டிக்கிடந்தது, துண்டால் பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டினேன். மகன் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறான். பின்கதவில் சைல்ட் லாக், கண்ணாடியும் இறங்கவில்லை. முன்பக்கம் தாவி வந்து திறக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் உள்ளே போய் மகனைக் கூட்டிவந்தேன்.

ஜூனில் அவர்கள் வந்த முதல் வாரமே, உங்கள் காரில் கதவைத் திறப்பது எப்படி, சைல்ட் லாக் எங்கே, முன்சீட்டுக்கு எப்படி வருவது என்று அவர்கள் கையாலேயே செய்து பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கார்களில் சாவி இல்லாமலும் ஹாரன் அடிக்கும். அதையும் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.