ஒத்தை ஆளா டொன்காட்சு சாப்பிடப் போலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு வேலை புக்கிட் பிந்தாங்ல. டொன்காட்சு, அதான் ஜப்பான்காரங்க பன்றி இறைச்சிய ரொட்டித்தூள்ல பொரட்டிப் பொரிப்பாங்களே, அத சாப்பிடணும்னு ரொம்ப நாளா ஆசை. ஆபீஸ்ல கூட வேலை செய்றவங்க எல்லாம் மலாய்க்காரங்க, வீட்ல அம்மா பன்றிய தொடவே மாட்டாங்க. கூட வர ஆளில்ல. தனியா போய் உக்காந்தா ஒரு மாதிரி பாப்பாங்களோ?
(வாசகி, செந்தூல்)

பதில்: தாராளமா போங்க தங்கச்சி. பிரிக்ஃபீல்ட்ஸ்ல மத்தியானம் எத்தனை பேரு தனியா உக்காந்து வாழை இலைச் சாப்பாடு சாப்பிடறாங்க, யாராச்சும் திரும்பிப் பாக்கறோமா? இலை ஒருத்தருக்கு ஒண்ணுங்கற மாதிரிதான் இதுவும், ஒருத்தருக்கு ஒரு தட்டு, அதுலயே பொரிச்ச கறி, பொடியா சீவுன முட்டைக்கோஸ், சோறு, மிசோ சூப் (புளிக்க வச்ச சோயா விழுதுல செய்யற சூப்பு), ஊறுகாய் எல்லாம் வந்துரும், நடுவுல வச்சு பங்கு போட்டு சாப்பிடற சாப்பாடே இல்ல இது. கறியயும் கடையிலயே துண்டு போட்டுத்தான் குடுப்பாங்க, குச்சியால எடுத்து சாப்பிட வேண்டியதுதான், கத்தி முள்கரண்டியெல்லாம் தேவைப்படாது.

இன்னொண்ணு சொல்றேன், இதுதான் முக்கியம். டொன்காட்சுக்குப் போடற ரொட்டித்தூள், பாங்கோன்னு சொல்வாங்க, நம்ம கடையில வாங்கற தூள் மாதிரி நைசா இருக்காது, செதில் செதிலா பெருசா இருக்கும், அதனாலதான் அந்த மொறுமொறுப்பு. ஆனா அது ரொம்ப நேரம் நிக்காது, உள்ள இருக்கற கறி விடற ஆவியிலயே கொஞ்ச நேரத்துல அடிப்பக்கம் நமுத்துப் போயிரும். நாலு பேரு போனா ஒருத்தர் தட்டு வந்து இன்னொருத்தருக்கு வரலன்னு காத்துக்கிட்டு, போட்டோ எடுத்து, கதை பேசி, சாப்பிட ஆரம்பிக்கறதுக்குள்ள பாதி ருசி போயிருது, எனக்கு அது மனசு கேக்கவே கேக்காது. தனியா போனா தட்டு வந்த நிமிஷமே சாப்பிடலாம். தாப்பாவ் பண்ணி ஆபீஸுக்கு எடுத்துட்டு போறதும் வேணாம், டப்பாக்குள்ள வேர்த்துரும்.

கவுண்டர் இருந்தா அங்கயே கேளுங்க, பொரிக்கறத பாத்துக்கிட்டே இருக்கலாம். கறி தடியா இருந்தா வேக நேரம் எடுக்கும், அவசரப்படுத்தாதீங்க. பன்னெண்டு ஒரு மணி கூட்டத்துல மாட்டாம கொஞ்சம் முன்னாடியோ ரெண்டு மணிக்கு மேலயோ போனா நிம்மதியா இருக்கும். பில்லுல 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜும் 6 சதவீதம் சேவை வரியும் சேரலாம், மெனு விலைய மட்டும் பாத்துட்டுப் போகாதீங்க.

கேள்வி: மெனுவுல ரோசு, ஹிரேன்னு ரெண்டு போட்டிருக்கு, எத எடுக்கறது? எள்ளு போட்ட சின்ன உரல் ஒண்ணும் வச்சாங்க, அத என்ன பண்ணணும்?
(வாசகர், பினாங்கு)

பதில்: ரோசுன்னா முதுகுப்பக்கத்துக் கறி, ஓரத்துல கொழுப்பு வரி ஓடும். ஹிரே உள்பக்கத்து மிருதுவான சதை, கொழுப்பே இருக்காது. நம்ம தோட்டத்துல காட்டுப்பன்றி பிரட்டல் சாப்பிட்டு வளந்தவங்களுக்கு ரோசுதான் பிடிக்கும், கொழுப்புலதானே ருசி. எள்ள நீங்களேதான் அரைக்கணும், ரொம்ப மாவாக்கிராம வாசம் வர்ற அளவுக்கு, அப்பறம் அதுக்குள்ளயே சாஸ ஊத்திக் கலந்துக்குங்க. கறி மேல மொத்தமா ஊத்திராதீங்க, தொட்டுத் தொட்டு சாப்பிடுங்க. மொத துண்டுக்கு சாஸே வேணாம், நடுத்துண்டா எடுத்து உப்பு மட்டும் தொட்டு சாப்பிட்டுப் பாருங்க, கறி நல்ல கறியான்னு அப்பத்தான் தெரியும். மஞ்சளா இருக்கற கடுகு விழுது நம்ம மூக்குக்கே ஏறும், துளி போதும்.

முட்டைக்கோஸ ஒதுக்கி வைக்கறத பாத்தா எனக்கு வருத்தமா இருக்கும். டோக்கியோ கின்சாவுல ரெங்காதேன்னு ஒரு பழைய கடை, 1899லயே அங்க இந்த பன்றிக் கட்லட்ட ஆரம்பிச்சுட்டாங்க. மொதல்ல வேகவச்ச காய்தான் பக்கத்துல வச்சாங்களாம், 1904ல ரஷ்யாவோட போர் வந்து கடையில ஆள் பத்தாம போனதால பச்சை முட்டைக்கோஸ சீவி வச்சாங்க, அப்படியே நிலைச்சிருச்சுன்னு சொல்வாங்க. எண்ணெய்ப் பண்டத்தோட அது எவ்வளவு பொருத்தம்! நிறைய கடையில முட்டைக்கோஸ், சோறு, சூப் மறுபடி இலவசமா குடுப்பாங்க, கூச்சப்படாம கேளுங்க.

கேள்வி: தோழி ஒருத்தி முஸ்லிம், இன்னொருத்தி சைவம். டொன்காட்சு கடையில சிக்கன் காட்சு, மிசோ சூப் மாதிரி எதாச்சும் சாப்பிட வைக்கலாமா?
(வாசகி, பெட்டாலிங் ஜெயா)

பதில்: வேணாம்மா. பன்றி பொரிக்கற கடையில சிக்கன் போட்டாலும் அதே அடுப்படி, பெரும்பாலும் அதே எண்ணெய். முஸ்லிம் தோழிய ஹலால் சான்றிதழ் இருக்கற ஜப்பான் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க, சிக்கன் காட்சு அங்க கிடைக்கும். மிசோ சூப்பும் சைவம்னு நினைச்சிராதீங்க, அதுக்கு சாறு எடுக்கறது பெரும்பாலும் காய வச்ச மீன்லதான். அவங்க ரெண்டு பேரோடவும் வேற நாள் வேற கடைக்குப் போங்க, டொன்காட்சுக்கு நீங்க மட்டும் போயிட்டு வாங்க.