காந்தம் வைத்தாலும் ஆபரேஷன் ஆபரேஷன்தான்

இந்தத் தடவை வந்ததில் பாதிக்கு மேல், எடையைக் குறைக்கக் காந்தம் வைத்துக் குடலில் குறுக்கு வழி போடும் காந்த பைபாஸ் பற்றிய கடிதங்கள்.

கேள்வி: இரண்டு காந்தம் எப்படிக் குடலை இணைக்கும்?

பதில்: ஒன்று முன்சிறுகுடலுக்குள், மற்றது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். இரண்டும் கவ்விக்கொள்ளும்போது நடுவில் நசுங்கும் சுவருக்கு ரத்தம் போகாது, அது செத்து உதிரும். சுற்று விளிம்பு ஒட்டி வளர்ந்துவிடும். சில வாரத்தில் காந்த ஜோடி மலத்தோடு போய்விடும். உள்ளே தையல், ஸ்டேப்பிள் எதுவும் மிஞ்சாது.

கேள்வி: கத்தியே படாதாமே? காலையில் வந்து சாயங்காலம் வீட்டுக்குப் போகலாமா?

பதில்: இதே கேள்வி ஆறு பேரிடமிருந்து. 'காந்தம்' என்று காதில் விழுந்ததுமே பலருக்கு ஆபரேஷன் பயம் போய்விடுகிறது, எனக்கு எரிச்சல் வருகிறது. எண்டோஸ்கோப் என்ற கேமரா குழாய் வாய் வழியாகப் போவது உண்மைதான். ஆனால் கீழ்ப்பக்கத்துக் காந்தத்தைச் சரியான இடத்தில் நிறுத்த, பொதுவாக வயிற்றில் சிறு துளைகள் போட்டு லேப்ராஸ்கோப்பி செய்தாக வேண்டும். முழு மயக்கமும் உண்டு. இணைப்பில் கசிவும் ரத்தப்போக்கும் குறையும் என்பதுதான் இதன் மேல் உள்ள நம்பிக்கை; பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று சொல்லும் அளவுக்கு இதற்கு வயதாகவில்லை. அமெரிக்காவில் இப்படியொரு கருவிக்கு அனுமதி கிடைத்ததே 2024-இல்தான். இன்னொன்று: குடலை வெட்டிப் பிரிக்காமல் பக்கவாட்டில் மட்டும் இணைத்தால், சாப்பாட்டில் ஒரு பங்கு குறுக்கு வழியில் போகும், மீதி பழைய வழியிலேயே போகும். எடை குறைவதை அதற்கேற்ப எதிர்பாருங்கள். இவ்வளவும் கேட்ட பிறகும் 'சின்ன ட்ரீட்மென்ட்தானே' என்று யாராவது சொன்னால், அவர் எதையோ விற்கிறார் என்று பொருள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய குட்டிக் காந்தங்களை விழுங்கினால் இதே பலன் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது, குடல்தான் ஓட்டையாகும். ஏற்கெனவே விழுங்கியிருந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

கேள்வி: காந்தம் வைத்து பத்து நாள் ஆகிறது. அடுத்த வாரம் முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

பதில்: கூடாது. காந்தம் வெளியேறிவிட்டது என்று எக்ஸ்ரே காட்டும் வரை அந்த அறைப் பக்கமே போகாதீர்கள். சாதாரண எக்ஸ்ரே, சி.டி. பரவாயில்லை.

கேள்வி: அது வெளியே வந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: டாய்லெட்டில் 'டங்' என்று கேட்டால் அதிர்ஷ்டம். பலருக்கு எதுவுமே தெரியாது. அப்போதும் எக்ஸ்ரேதான். அது வரை எம்.ஆர்.ஐ. கிடையாது, மறுபடியும் சொல்கிறேன்.

கேள்வி: எடை நன்றாக இறங்கிவிட்டது. வைட்டமின் மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தக் கூடாது. எடை இறங்கினாலும் குறுக்கு வழி அப்படியே இருக்கிறது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாமே ஆயுள் முழுக்க. வருடம் ஒரு முறையாவது ரத்தப் பரிசோதனை.

கேள்வி: என் எடை 92 கிலோ. எனக்கு இது தேவையா?

பதில்: உயரம் எங்கே? பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 35-ஐத் தாண்டினால் பைபாஸ் பற்றி யோசிக்கலாம், ஆசியர்களுக்கு ஏறக்குறைய 27.5-இலிருந்தே. 92 கிலோவை மட்டும் வைத்து நான் என்ன கணக்குப் போடுவது? நீங்கள் இணைத்திருந்த போட்டோவிலும் கழுத்து வரைதான் இருக்கிறது.