வீடு மாறுமுன் தூணைப் பாருங்கள்

கேள்வி: மகனுக்கு நொய்டாவில் வேலை. பெரம்பூர் வீட்டை விற்றுவிட்டு எங்களையும் வரச் சொல்கிறான். அந்தப் பக்கம் அடிக்கடி நிலம் அதிர்கிறதே, சென்னையிலேயே இருந்துவிடலாமா? (வாசகி, பெரம்பூர்)

பதில்: நில அதிர்வை மட்டும் பார்த்தால் சென்னைதான் தேவலை. பூகம்பத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1893. அதன் 2016 பதிப்பில் (மண்டல எண் கூடக் கூட ஆபத்தும் கூடும்) சென்னை மூன்றாம் மண்டலம், டெல்லியும் நொய்டாவும் நான்கு, குவாஹாட்டி ஐந்து. கட்டடக் கணக்கில் போடும் மண்டலக் காரணி முறையே 0.16, 0.24, 0.36. சென்னைக்குப் போடுவதைவிட ஒன்றரை மடங்கு குலுக்கலுக்கு நொய்டா கட்டடம் தாங்க வேண்டும்.

அதற்காக இங்கே கவலையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையும் முன்பு இரண்டாம் மண்டலம்தான். 2002 திருத்தத்தில் மூன்றுக்கு ஏறியது. 1993-ல் மராட்டியத்தின் கில்லாரியைத் தரைமட்டமாக்கிய பூகம்பம், அன்றைய வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைவு என்று குறித்திருந்த இடத்தில் வந்தது. 2001 ஜனவரி 26 பூஜ் பூகம்பத்தில், 200 கி.மீ.க்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. அகமதாபாத்தும் நம்மைப்போல் மூன்றாம் மண்டலமே! சரிந்தவற்றில் பல, கீழ்த்தளத்தைச் சுவரின்றி வண்டி நிறுத்த விட்டவை.

ஆகவே ஊரைவிடக் கட்டடம் முக்கியம். விதிப்படி கட்டிய நொய்டா ஃப்ளாட், விதியை ஏய்த்த பெரம்பூர் ஃப்ளாட்டைவிட மேல். வீட்டை விற்க அவசரப்படாமல், அங்கே ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள்.

கேள்வி: வேளச்சேரியில் ஸ்டில்ட் பார்க்கிங்கும் மேலே நான்கு மாடியும் உள்ள ஃப்ளாட் பார்த்திருக்கிறோம், இன்னும் கட்டி முடியவில்லை. பில்டரிடம் என்ன கேட்பது? (வாசகர், நங்கநல்லூர்)

பதில்: மேல்மாடிகள் செங்கல் சுவர் அடைத்த பெட்டிபோல் விறைப்பாக நிற்கும். கீழே வெறும் தூண்கள். குலுங்கும்போது அசைவு முழுவதும் அந்த ஒரு தளத்திலேயே விழுவதால், தூண்கள் தலையிலும் காலிலும் நொறுங்கும். லிஃப்டைச் சுற்றியோ ஓரங்களிலோ கான்கிரீட் ஷியர் வால் (பக்கவாட்டுக் குலுக்கலைத் தாங்கும் சுவர்) அஸ்திவாரத்திலிருந்தே, நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் எழும்புகிறதா என்று முதலில் பாருங்கள்.

பிறகு ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கை வாங்குங்கள். ஐ.எஸ். 13920 (பூகம்பத்துக்கேற்பக் கான்கிரீட்டில் கம்பி கட்டும் விதி) என்ற குறிப்பு அதில் இருக்க வேண்டும். மூன்றாம் மண்டலத்துக்கும் அது கட்டாயம். தூணின் குறுகிய பக்கம் குறைந்தது 300 மி.மீ. சுவரோடு மறைய வேண்டும் என்று 9 அங்குலத் தூண் (சுமார் 230 மி.மீ.) போடுவது நம் ஊர்ப் பழக்கம், அது தேறாது. தூணின் மேலும் கீழும் குறைந்தது 450 மி.மீ. உயரத்துக்கு ரிங்குகள் (நிற்கும் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்கள்) 100 மி.மீ.க்கு மேல் இடைவெளி இல்லாமல் வர வேண்டும். தவறு அதிகம் நடப்பது ரிங்கின் கொக்கியில். 135 டிகிரி மடங்கி தூணுக்குள்ளே போக வேண்டியதை, வேலை சுலபம் என்று 90 டிகிரியில் விட்டுவிடுவார்கள். மேல்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் அந்த ரிங் விரிந்து, நிற்கும் கம்பி வெளியே பிதுங்கும். கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்தைய நாள் நேரில் போய்ப் படம் எடுங்கள். ஊற்றிய பிறகு ஸ்கேன் செய்தால் இடைவெளி தெரியும், கொக்கி தெரியாது.

மண் பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தளர்ந்த மணல் இருந்தால், குலுக்கலில் அது குழம்பாகிவிடும். மண்ணில் குழாயை 30 செ.மீ. இறக்க எத்தனை அடி தேவை என்பதே 'என்' மதிப்பு, கூடினால் மண் இறுக்கம். 5 மீட்டர் ஆழம் வரை அது 15, 10 மீட்டரிலும் அதைவிட ஆழத்திலும் 25 என்பது மூன்றாம் மண்டலத்துக்கு விரும்பத்தக்க அளவு. பள்ளிக்கரணை ஓரக் களிமண்ணின் தொல்லை வேறு: பாரம் ஏறினால் மெல்ல மெல்ல அமுங்கும். பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் அஸ்திவாரத் தூண்) போட்டிருக்கிறார்களா, எவ்வளவு ஆழம் என்று கேளுங்கள்.

கேள்வி: வீட்டுக் காப்பீட்டில் பூகம்பம் சேருமா? (வாசகர், குரோம்பேட்டை)

பதில்: 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் சேரும், வெள்ளமும் சேரும். ஈடு கட்டுமானச் செலவுக்குத்தான், மனை விலைக்கு இல்லை. வாடகைக்கு இருப்பவர் வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம்.