கடன் வாங்கி காஷ்மீர் டூர் போகலாமா?

கேள்வி: வணக்கம் சார். மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறோம். நானும் மனைவியும் தனியார் வேலை. இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு 58,000 ரூபாய் வருகிறது. வீட்டுக் கடன், பள்ளிச் செலவு, மளிகை எல்லாம் போக மாதம் 12,000 மிஞ்சும். அவசரத்துக்கு 1.5 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. வருஷா வருஷம் மே மாதம் கொடைக்கானல்தான் போவோம். பிள்ளைகள் இருவருக்கும் இந்த முறை காஷ்மீர் பார்க்க வேண்டுமாம். நான்கு பேருக்கு 1.8 லட்சம் ஆகும் என்கிறார் டிராவல்ஸ்காரர். பெர்சனல் லோன் போடலாமா, மனைவியின் 5 பவுனை அடகு வைக்கலாமா? கம்பெனியில் எல்.டி.ஏ. (விடுமுறைப் பயணப் படி) உண்டு, அதனால் வரி மிச்சமாகுமா?

பதில்: காஷ்மீருக்குக் கட்டாயம் போய் வாருங்கள். பிள்ளைகள் அப்பா அம்மாவோடு டூர் வரும் வயது கொஞ்ச காலம்தான். அதற்குச் செலவழிப்பதை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வரும் மே வேண்டாம், அதற்கடுத்த மே போங்கள்.

காரணம் கணக்கில் இருக்கிறது. 1.8 லட்சத்தை 14 சதவீத வட்டியில் 2 வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 8,640 ரூபாய். கட்டி முடிக்கும்போது 2,07,400 ஆகியிருக்கும். 2 சதவீதம் பிராசசிங் கட்டணம், அதற்கு ஜி.எஸ்.டி. என்று இன்னும் 4,250. அதைவிட முக்கியம், மே மாதம் போய்வந்தால் முதல் தவணை ஜூனில் வந்து நிற்கும். பள்ளிக் கட்டணம், நோட்டு, யூனிஃபார்ம், ஷூ எல்லாம் வரிசை கட்டும் அதே ஜூன்.

இப்படிச் செய்யுங்கள். வரும் அக்டோபரில் இரண்டு ஆர்.டி. (மாதா மாதம் கட்டும் தொடர் வைப்பு) தொடங்குங்கள், இரண்டுமே மாதம் 5,000. ஒன்று 15 மாதம், இன்னொன்று 18 மாதம். முதலாவது ஜனவரியில் முடியும்போது, 6.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 78,250 ரூபாய் கிடைக்கும். அது விமான டிக்கெட்டுக்கு. மே மாத டிக்கெட்டை ஏப்ரலில் தேடினால் விலை எங்கோ இருக்கும், அதனால்தான் இதைத் தனியாகப் பிரிக்கச் சொல்கிறேன். இரண்டாவது ஏப்ரலில் முடிந்து சுமார் 94,600 தரும். ஹோட்டலுக்கும் வண்டிக்கும் அது. குறைகிற 7,000 சொச்சத்தை அடுத்த ஆண்டு தீபாவளி போனஸில் எடுத்து வைத்துவிடலாம். உங்கள் கையிலிருந்து போவது மொத்தம் 1,72,000 ரூபாய். கடன் வழியைவிட ஏறத்தாழ 39,500 குறைவு!

எட்டாயிரத்துச் சொச்சம் தவணை கட்ட முடியும் என்று நினைத்தவருக்குப் பத்தாயிரம் கொஞ்சம் இறுக்கம்தான். மூன்றாம் மாதமே மூச்சு முட்டினால் ஒரு ஆர்.டி.யை நிறுத்திவிட்டு டூரை ஆறு மாதம் தள்ளிப் போடலாம். வட்டி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கடன் தவணையை அப்படி நிறுத்த முடியாது. எஃப்.டி.யை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் உடைக்காதீர்கள்.

நகைக்கடனில் வட்டி குறைவு என்பது உண்மை. ஆனால் மாதத் தவணை இல்லாத கடன் என்பதால் அசலை யாரும் அவசரமாகக் கட்டுவதில்லை. வருடம் முடிந்ததும் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பார்கள், மறு வருடமும் அதே கதை. டூருக்காக 5 பவுனை அந்தச் சுழலில் விடாதீர்கள். மருத்துவச் செலவு என்று வந்தால் முதலில் கைகொடுப்பது அந்த நகைதான்.

எல்.டி.ஏ. பற்றி: பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை. அதுவும் இந்தியாவுக்குள் போய்வரும் பயணக் கட்டணத்துக்குத்தான், ஹோட்டலுக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது. உங்கள் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது. இதற்காக மாற வேண்டாம்.

டிராவல்ஸ்காரரிடம் ஒன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள். 1.8 லட்சம் என்பது மதுரையிலிருந்தா, டெல்லியிலிருந்தா? ஜி.எஸ்.டி. சேர்ந்ததா? குல்மார்க் கேபிள் கார், பஹல்காம் குதிரை, அங்கே ஏறும் உள்ளூர் டாக்சி ஆகியவை பெரும்பாலும் தனிச் செலவு. நான்கு பேருக்கு அதுவே கணிசமாக வந்துவிடும். நம் ஊர் பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, ஒரு போனையாவது போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, வரும் மே மாதம் பிள்ளைகளை வீட்டில் உட்கார வைக்க வேண்டுமா? வேண்டாம். கொடைக்கானலை மட்டும் இந்த முறை விட்டுவிடுங்கள். மே மாதம் அங்கே ரூம் வாடகை ஏறிக் கிடக்கும், 2024 மே முதல் இ-பாஸும் எடுக்க வேண்டியிருக்கிறது, மலைப்பாதையில் வண்டிகள் நகராது. எனக்குப் பிடித்தது மைசூர். தூத்துக்குடியிலிருந்து வரும் மைசூர் எக்ஸ்பிரஸில் மதுரையில் ராத்திரி ஏறினால் காலையில் அங்கே இறங்கலாம், ஒரு ராத்திரி லாட்ஜ் வாடகை மிச்சம். ஞாயிறு மாலை அங்கே இருக்கும்படி திட்டமிடுங்கள், அரண்மனை முழுக்க விளக்கு எரிவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய் விடுமுறை. இரண்டு ஆர்.டி. போக மாதம் மிஞ்சும் 2,000-ஐ அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை சேர்த்தால் 14,000, அதோடு இந்த ஆண்டு போனஸில் கொஞ்சம் சேர்ந்தால் தாராளமாகப் போய்வரலாம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. மே பயணத்துக்கு மார்ச்சிலேயே தேதியைக் குறித்து வைத்து, திறக்கும் அன்று காலை 8 மணிக்கே போட்டுவிடுங்கள்.