வேலைக்குத் திரும்பும்போது தாய்ப்பாலை நிறுத்தத்தான் வேண்டுமா?

கேள்வி: குழந்தைக்கு மூன்று மாதம். இதுவரை தாய்ப்பால் மட்டும்தான். அடுத்த மாதம் உம்லாங்காவில் கால் சென்டர் வேலைக்குத் திரும்ப வேண்டும். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மாலை ஐந்தாகிவிடும். பகலில் மாமியார் பார்த்துக்கொள்வார். "நாள் முழுக்க மார்பில் தேங்கின பால் கெட்டுப்போயிருக்கும், பேசாமல் பவுடர் பாலுக்கு மாற்றிவிடு" என்கிறார். தாய்ப்பாலும் புட்டியும் சேர்த்துக் கொடுக்க முடியாதா? (வாசகி, வெரூலம், டர்பன்)

பதில்: தாராளமாக முடியும். மாமியார் சொல்வதைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். அக்கறையில் சொல்வதுதான், ஆனால் உண்மையில்லை. மார்பில் இருக்கும்வரை பால் கெடாது. சாயங்காலம் வந்ததும் கையைக் கழுவிவிட்டு நேராகக் குழந்தைக்குக் கொடுங்கள். முதல் பாலைப் பீய்ச்சிக் கொட்டவே வேண்டாம்.

எவ்வளவு பால் வெளியே போகிறதோ, அதற்கேற்பத்தான் உடம்பு சுரக்கும். மார்பு நிறைந்தபடியே தினமும் மணிக்கணக்கில் இருந்தால், இவ்வளவு தேவையில்லை போல என்று சுரப்பு குறையும். வேலைக்குப் போவதால் பால் வற்றுவதில்லை. பகலில் விட்டுப்போன வேளைகளுக்கு ஈடாகப் பால் எடுக்காததால்தான் வற்றுகிறது. நீங்கள் பத்து மணி நேரம் வெளியே இருப்பதால் இரண்டு அல்லது மூன்று தடவை பால் எடுக்க வேண்டியிருக்கும். கிளம்புவதற்கு முன் ஒருமுறை, வந்தவுடன் ஒருமுறை, பிறகு இரவு முழுக்க நேராகவே கொடுங்கள். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம் என்பதால், இரவுப் பாலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அலுவலகத்தில் நேரம் கிடைக்குமா என்று தயங்க வேண்டாம். வேலை பார்க்கும் கர்ப்பிணிகள், பிள்ளை பெற்ற பெண்களின் பாதுகாப்புக்காகத் தென்னாப்பிரிக்காவில் 1998-இல் வந்த நடைமுறைக் கோவை, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு முறை, முறைக்கு 30 நிமிடம், பால் கொடுக்கவோ எடுக்கவோ இடைவேளை தர வேண்டும் என்கிறது. கால் சென்டரில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்கு கேட்பார்கள். அதனால் திரும்பும் முன்பே எச்.ஆருக்கு எழுத்தில் கேட்டு, ஒரு தனி அறையும் கேளுங்கள். கழிப்பறையில் போய் எடுக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குழந்தை குடிக்கப்போகும் உணவு அது.

வெளியே இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 முதல் 45 மி.லி. வரை கணக்கு வையுங்கள். உங்களுக்கு 300 முதல் 450 மி.லி. வரை ஆகும். எடுத்த பாலை 60, 100 மி.லி. அளவில் தனித்தனி டப்பாவில் தேதி எழுதி வையுங்கள். அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரி வரைக்கும்தான். டர்பன் கோடைக்கு அந்தக் கணக்கு உதவாது. எடுத்தவுடன் ஐஸ் பேக் போட்ட பையில் வைத்துவிடுங்கள், அதில் 24 மணி நேரம் இருக்கும். ஃபிரிட்ஜில் நான்கு நாள், ஃப்ரீசரில் ஆறு மாதம். கதவுப் பக்கம் வேண்டாம், உள்ளே பின்பக்கம் வையுங்கள். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள்: ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் குளிர்ச்சி காக்கும், நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் வரை காக்கும்.

இன்னொன்றை மாமியாருக்கு முன்கூட்டியே காட்டிவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்த தாய்ப்பால் மேலே மஞ்சளாக ஏடு கட்டி, அடியில் நீலம் கலந்த தண்ணீர் போல நிற்கும். பார்த்தால் திரிந்துபோனது மாதிரி இருக்கும், கொட்டிவிடுவார்கள். அது திரியவில்லை, கொழுப்பு பிரிந்திருக்கிறது, அவ்வளவுதான். வெந்நீர்க் கிண்ணத்தில் டப்பாவை நிறுத்தி, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். மைக்ரோவேவில் சூடாக்கக் கூடாது. அங்கங்கே கொதித்து வாயைச் சுட்டுவிடும். குழந்தை வாய் வைத்த மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

புட்டியை இப்போதே, நீங்கள் வேலைக்குத் திரும்ப இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே பழக்குங்கள். மாமியார் கொடுக்கட்டும், நீங்கள் அறையைவிட்டுப் போய்விடுங்கள், அம்மா வாசனை இருந்தால் குழந்தை புட்டியைத் தொடாமல் போகலாம். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, புட்டியைப் படுக்கை வாட்டில் வைத்து, நடுநடுவே நிறுத்தி, 15, 20 நிமிடம் எடுத்துக் கொடுக்க வேண்டும். மளமளவென்று ஊற்றிப் பழக்கினால், அப்புறம் மார்பில் உழைத்துக் குடிக்கப் பொறுமை இருக்காது. புட்டியை அடியோடு மறுத்தால் பாலாடையோ சின்னக் கப்போ போதும். கழுவுவதற்கும் அதுதான் சுலபம்.

முயன்றும் பால் போதவில்லை என்றால், ஒரு வேளைக்கு மட்டும் பவுடர் பால் கொடுங்கள். அதில் குற்றவுணர்வு வேண்டாம். தாய்ப்பாலை முதலில் கொடுத்துவிட்டு மீதிக்குப் பவுடர் பால் கொடுத்தால் உங்கள் பால் வீணாகாது. வெரூலம் பக்கம் குழாயில் தண்ணீர் வராமல் டேங்கர் தண்ணீரை நம்பும் நாட்கள் உண்டே. அது எதுவானாலும் நன்கு கொதிக்கவைத்து, அரை மணி நேரத்துக்குள், சூடு 70 டிகிரிக்குக் குறையாதபோதே பவுடரைக் கலக்க வேண்டும். பிறகு ஆறவைத்துக் கொடுங்கள். டின்னில் உள்ள கரண்டியால் தலைதட்டி அளந்து போடுங்கள். விலை கட்டுபடியாகாமல் தண்ணீரைக் கூட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். குழந்தை எடை ஏறாமல் போவது அதனால்தான். ரூயிபோஸ் டீ, கிரைப் வாட்டர், வெறும் தண்ணீர் எதுவும் ஆறு மாதம் வரை வேண்டாம்.

எச்ஐவி மருந்து எடுக்கும் தாய்மார்கள் இதைப் படித்தால், மருந்தை விடாமல் எடுத்து வைரஸ் கட்டுக்குள் இருந்தால் நீங்களும் தாய்ப்பால் கொடுக்கலாம். பவுடர் பால் சேர்க்கும் முன் கிளினிக்கில் பேசிவிடுங்கள்.

முடிந்தால் வாரத்தின் நடுவில், புதன் அல்லது வியாழன் அன்று வேலையில் சேருங்கள். இரண்டு மூன்று நாளில் வார இறுதி வந்துவிடும், குழந்தை மார்பிலேயே இருக்கலாம். ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறைவாக நாப்கின் நனைந்தாலோ, கிளினிக்கில் குழந்தையின் எடையைக் குறிக்கும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் எடைக் கோடு தட்டையானாலோ கிளினிக்குக்குப் போங்கள். மார்பில் ஒரு இடம் சிவந்து கட்டியாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அப்போதும் அந்தப் பக்கம் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.