டெல்டா கிராமத்து ஓட்டு வீட்டை முதியவர்களுக்கு ஏற்றதாக மாற்றுவது என்றால் என்ன?

வயதானவர் பிறர் கையைப் பிடிக்காமல் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை போய்வர முடிந்தால், அது முதுமைக்கேற்ற வீடு.

வயதாக ஆக, நடக்கும்போது பாதம் தரையிலிருந்து எழும்பும் உயரம் குறையும். இருட்டுக்குக் கண் பழகவும் நேரமாகும். அதனால்தான் இத்தனை வருடம் தாண்டிய அதே நிலைப்படி இப்போது காலைத் தட்டுகிறது. மழை பெய்த வரப்பில் இளவட்டம்கூடக் கம்பு ஊன்றித்தான் நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பாசி பிடித்த முற்றமும் வயதானவர்களுக்கு அப்படித்தான்.

முதலில் கொல்லைக் கழிப்பறைப் பாதை. சொரசொரப்பான சிமெண்ட் தளம், இரவு முழுக்க எரியும் ஒரு விளக்கு. அரை அடிப் படிக்குச் சாய்தளம் ஆறடி நீளமாவது வேண்டும்; இடமில்லை என்று இரண்டடியில் போட்டால் படியைவிட ஆபத்து. கைப்பிடிக் கம்பியில்தான் அதிகம் தவறு நடக்கிறது. டைல்ஸோடு நிற்கும் திருகு, உடல் பாரம் இழுத்ததும் பிடுங்கிக்கொள்ளும். போல்ட் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவர் பெரும்பாலும் அதைத் தாங்காது, ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பைத் தரையில் கான்கிரீட் போட்டு ஊன்றுங்கள்.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முதியோர் உதவி எண் 14567.

விழுந்துவிடுவார் என்று கட்டிலிலேயே உட்கார வைப்பது பாதுகாப்பு எனப் பலர் நம்புகிறார்கள். நடக்காத கால் இன்னும் வேகமாகத் தளர்ந்து, விழும் வாய்ப்பைக் கூட்டும்.