உப்புக் காற்றில் கிடந்த பழைய கார்: கேள்வி பதில்

ராமநாதபுரத்தில் பழைய பெட்ரோல் கார்களைப் பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். செட்டில் வருஷக்கணக்காகக் கிடக்கும் பியட்டையும் (பின்னால் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது இதுதான்) அம்பாசிடரையும் முதல்முறையாகக் கையில் எடுக்கும் நம் கடற்கரைக்காரர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

கீழக்கரை: காக்கா, வாப்பா வாங்கிய பிரீமியர் பத்மினி செட்டில் இருபது வருஷமாக நிற்கிறது. லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். புது பேட்டரி போட்டு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

வேண்டாம் தம்பி. செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) அடிக்கவே அடிக்காதீர்கள். இத்தனை வருஷம் நின்ற என்ஜினில் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கும், வால்வும் இறுகியிருக்கும். செல்ஃப் மோட்டார் முரட்டுத்தனமாகச் சுற்றினால் ரிங் உடையும், வால்வைத் தள்ளும் புஷ்ராடு கம்பி வளையும்.

நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். டீசலும் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு ஓட்டையிலும் ரெண்டு ஸ்பூன் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். அந்த வாரத்தில் என்ஜின் உச்சியில் வால்வுகளுக்கு மேலே இருக்கும் ராக்கர் மூடியைத் திறந்து, மூடியிருக்கும் ஒவ்வொரு வால்வையும் சுத்தியலின் மரக் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். இறங்கி 'டக்'கென்று மேலே வந்தால் நல்ல வால்வு. சோம்பலாக வந்தால் அதன் தண்டில் ஆயில் விட்டு மறுநாள் மறுபடி தட்டுங்கள். அப்புறம் கியரை நியூட்ரலில் வைத்து, முன்னால் ஹேண்டில் போட்டுக் கையால் அசையுங்கள். ஒரு அங்குலம் அசைந்தால் அன்றைக்கு அது போதும். முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டே வந்தால் மெல்ல விட்டுக்கொடுக்கும். குழாயை மாட்டி நெம்பாதீர்கள்.

முழுச் சுற்று வந்ததும் பழைய ஆயிலை வடியுங்கள். முதலில் தண்ணீர் தனியாக வந்தால் ஹெட் கேஸ்கெட்டை (என்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) சந்தேகப்பட வேண்டும். புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலேயே, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை செல்ஃபில் சுற்றிவிட்டு, அதற்குப் பிறகு கரண்ட்டையும் பெட்ரோலையும் பார்க்கலாம்.

தங்கச்சிமடம்: அண்ணே, இங்கே ஒருத்தர் 1978 மாடல் பத்மினி மலிவாகத் தருகிறார். என்ஜின் நன்றாக ஓடுகிறது. வாங்கலாமா?

என்ஜினைக் காட்டி விற்கிறவரிடம் வண்டியின் அடியைக் காட்டச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் காரைக் கொல்வது துருதான், என்ஜின் இல்லை. பத்மினியின் 1089 சி.சி. என்ஜின் எளிமையானது. மதுரையில் நல்ல லேத் பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்து எழுப்பிவிடலாம். பாடி அப்படி இல்லை. பத்மினிக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, தூண் எல்லாம் சேர்த்து வெல்டு செய்ததுதான் அதன் பலம். கீழே போனால் மொத்தமும் போச்சு.

ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, துணி சுற்றிய காந்தம் ஒன்று எடுத்துப் போங்கள். கதவின் கீழ்ப்பட்டி, மட்கார்டு விளிம்பு இங்கெல்லாம் காந்தம் ஒட்டவில்லை என்றால் உள்ளே இருப்பது ஓட்டையை நிரப்பிய பட்டிப் பசை, தகடு இல்லை. தரைவிரிப்பைத் தூக்குங்கள். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் முன்முனை பாடியில் மாட்டும் இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். கடைசியாக ஒரு பக்கம் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். இடைவெளி மாறினாலோ கதவு உரசினாலோ பாடி வளைகிறது என்று பொருள். முதல் வேலைக்கு அந்த வண்டி வேண்டாம்.

என்னைக் கேட்டால், கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் கமுதியிலோ முதுகுளத்தூரிலோ என்ஜின் இறுகிக் கிடக்கும் காரை வாங்குவேன். தனுஷ்கோடி மணலில் ஓடிய, என்ஜின் நன்றாக இருக்கிற காரைத் தொடமாட்டேன். உப்பு மணல் பெட்டித் தகட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் வெளியே எவ்வளவு பளபளத்தாலும் உள்ளே தின்றுகொண்டே இருக்கும். உங்களிடம் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றால் கணக்கு வேறு. அதற்குத் தனி சேசிஸ் உண்டு, பாடியை போல்ட் கழற்றித் தூக்கலாம். சேசிஸை மட்டும் நன்றாகப் பாருங்கள்.

தொண்டி: துருவைச் சுரண்டி, பிரைமர், பெயிண்ட் எல்லாம் அடித்தேன். மூணே மாசத்தில் கொப்புளம். பெயிண்ட் கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பெயிண்டைக் குறை சொல்ல முடியாது. துருவின் குழிகளுக்குள் உப்பு தங்கியிருக்கும். எமரி தாள் அதைத் தொடாது. பெயிண்டுக்குக் கீழே அது ஈரத்தை இழுத்து, துருவை மறுபடி கிளப்பும். சுரண்டிய தகட்டை நல்ல தண்ணீரில் பிரஷ் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவுங்கள். வீட்டுப் போர் தண்ணீர் கூடாது, அதுவே உவர். காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வருவதைப் பிடித்து வையுங்கள். உடனே துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி பூசி, அதில் சொன்னபடி அடுத்த வேலை செய்து, எபாக்சி பிரைமர் அடியுங்கள். நம் கடலோரத்தில் வெறும் தகடு ஒரே ராத்திரியில் செம்பழுப்பாகிவிடும். அதனால் சாயங்காலத்துக்குள் பிரைமர் அடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் சுரண்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயிண்ட் வேலையே வைத்துக்கொள்ளாதீர்கள். பெட்டித் தகட்டின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருக்கும். பட்டியால் அவற்றை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்டபம்: அண்ணே, அப்பாவின் பத்மினியை நானே தனியாகச் செய்யப் பார்க்கிறேன். எதில் முதலில் கை வைக்க?

அடியில் தகடு நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன் தங்கச்சி. அப்படியென்றால் பிரேக். என்ஜின் சத்தம் கேட்கத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் ஓடுகிற, நிற்காத கார்தான் ஆபத்து. இந்த வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். ஓரிடத்தில் பைப் வெடித்தால் மிதி தரையில் போய் நிற்கும்.

பிரேக் டிரம்மைக் கழற்றும்போது தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிரேக் லைனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. தண்ணீர் தெளித்து நனைத்துத் துடையுங்கள், மூக்கை மூடிக்கொள்ளுங்கள். டிரம்முக்குள் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டரைப் பிரித்து உள்சுவரில் விரலை ஓட்டுங்கள். குழி தட்டினால் மாற்றுங்கள், ரப்பர் மட்டும் மாற்றினால் கசியும். இரும்பு பைப், கிளிப் பிடிக்கும் இடத்தில்தான் முதலில் அரிக்கும். கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும், யோசிக்காமல் புதுசு போடுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், நம் ஊரில் இன்னும் வேகமாக. பிரித்து வைத்த டப்பாவை ஊற்றாதீர்கள். காருக்கு அடியில் போகும்போது இரும்பு ஸ்டாண்டு கொடுங்கள். ஹாலோ பிளாக் திடீரென்று நொறுங்கும்.

ஏர்வாடி: இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இந்த வண்டிக்கு ஒத்துவருமா?

ஓடும். ஆனால் பழைய ரப்பர் தாங்காது. பெட்ரோல் ஹோஸ் முழுவதும், பம்ப்பின் டயஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட் எல்லாம் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொண்டு டேங்கின் அடியில் தங்கும். மாசக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள்.

சாயல்குடி: பத்மினிக்குச் சாமான் கிடைக்குமா?

என்ஜின், பிரேக் சாமான்கள் கிடைக்கும். மும்பையில் 2023 அக்டோபர் வரை இது டாக்ஸியாக ஓடியது. சென்னை புதுப்பேட்டையில் தேடுங்கள். கிரோம், கண்ணாடி, ரப்பர் பீடிங் கிடைப்பது கஷ்டம். உடைந்ததையும் எறியாதீர்கள், மாதிரிக்கு உதவும்.

தேவிபட்டினம்: 1970 மாடல் பியட், தாத்தா பெயரிலேயே இருக்கிறது. அவர் காலமாகி ரொம்ப நாளாச்சு. ஆர்.சி. புத்தகம் இருக்கிறது. இனி என்ன செய்வது?

புத்தகம் இருப்பதே பெரிய விஷயம். வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், படிவம் 31 இவற்றோடு பெயர் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேளுங்கள். பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25, அதற்கு வண்டியை நேரில் காட்ட வேண்டும். ஐம்பது வயது தாண்டிய கார்களுக்கு 2021 முதல் விண்டேஜ் பதிவும் உண்டு. ஆனால் அதில் தினசரி ஓட்ட அனுமதி இல்லை. தினமும் சந்தைக்குப் போக நினைத்தால் சாதாரணப் புதுப்பித்தலே சரி.

இன்னொன்று, இதை இன்றைக்கே செய்யுங்கள். சேசிஸ் எண் பொறித்த இடத்தைக் கண்டுபிடித்து, ஆயில் துணியால் மெல்லத் துடைத்து, மேலே காகிதம் வைத்துப் பென்சிலைத் தேய்த்து அச்சு எடுத்து, ஆர்.சி.யில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். அந்த எண்ணைத் துரு தின்றாலோ கிரைண்டர் தேய்த்தாலோ, கார் எவ்வளவு நன்றாக ஓடினாலும் பதிவு கிடைப்பது பெரும்பாடு. அச்சு கையில் வந்த பிறகுதான் தகடு வேலை செய்யும் டிங்கரை உள்ளே விடுங்கள்.